காலைக் காற்றைப் பங்கு வைத்தவர்

ஜெசிந்தா மேடம் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் விமான கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. மாரடைப்பு, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவருடைய எண்ணிலிருந்தே அவர் தம்பி எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார்: "காலைல ஸ்லாட் வேணும்னா இனி யாருகிட்டக் கேக்கறதுங்க?" போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மேடத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவரும் படிக்கட்டும்.

பல்லடம் தாண்டி இருக்கிறது எங்கள் ஓடுபாதை. கிளப்புக்கு இரண்டே சிறிய விமானங்கள். அதிலும் ஒன்று பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். பறக்க வருகிறவர்களோ இரண்டு வகை. விமானி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். ஆசைக்குப் பறக்கும் மில் முதலாளிகள், இரும்பு வார்க்கும் பவுண்டரிக்காரர்கள், டாக்டர்கள் இன்னொரு பக்கம். யாருக்கு எந்த நேரம் என்று பிரித்துப் போர்டில் எழுதும் வேலையை மேடம் சம்பளமில்லாமல் செய்தார். ஸ்பின்னிங் மில்லில் லேபர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், தானும் லைசென்ஸ் வைத்திருந்த விமானி. நான் அங்கே பயிற்சி கொடுப்பவன்.

அவர் வருவதற்கு முன்பும் கிளப்பில் நியாயம் இருந்ததாகத்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று சமமாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்பது அப்போதைய கமிட்டியின் எண்ணம். மேடம் வந்த முதல் கூட்டத்திலேயே எழுந்து கேட்டார்: "மணி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. காத்தும் ஒண்ணுங்களா?" பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எங்கள் பக்கம் வெயில் ஏற ஏற வலுக்கும். மத்தியானத்தில் சின்ன விமானம் கல்லுச் சாலையில் போகும் டவுன் பஸ்ஸைப் போலத் தூக்கிப் போடும். அந்த நேரத்தைப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அமைதியான காலை நேரத்தில் தொண்டாமுத்தூரில் இருக்கும் தங்கள் தென்னந்தோப்பை மேலிருந்து பார்த்து வரப் போனார்கள் பெரிய மனிதர்கள். கேட்டால் மணிக்கணக்கு சரியாக இருக்கிறது என்பார்கள். "நைட் ஷிப்டும் பகல் ஷிப்டும் ஒண்ணுன்னு சொல்றவங்க நைட் ஷிப்ட் பாத்திருக்க மாட்டாங்க" என்றார் மேடம். அந்த வாரமே காலை நேரத்தைத் தனியாகப் பிரித்து, முறை வைத்துச் சுற்றி வரும்படி செய்தார். காற்றினாலோ மழையினாலோ ஒரு மாணவனின் முறை கெட்டுப்போனால் மறுநாள் அவன் பெயர்தான் முதலில் வரும்.

அதற்கே முணுமுணுத்தவர்கள், அவருடைய அடுத்த விதியைக் கேட்டுக் கொதித்தார்கள். நம் ஊர்க்காரர்களின் மரியாதை உலகம் அறிந்தது. இங்கே ஒருவரும் அதிகாரமாக எதையும் பிடுங்க மாட்டார்கள். தோளில் கை போட்டு, "ஏனுங் தம்பி, ஊட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, இன்னைக்கு ஒரு நாளைக்கு விட்டுக் குடுத்துருங்களே" என்பார்கள். அந்தப் பையனும் "அதுக்கென்னங்கண்ணா, எடுத்துக்கங்க" என்பான். வேறென்ன சொல்வான்? நாளைக்கு அவனுக்குச் சிபாரிசு செய்ய வேண்டியவரே அந்த அண்ணன்தான். இப்படி ஒரு மாதம் முழுக்க விட்டுக்கொடுத்தே வீட்டுக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் முதலாளி மாணவனுக்கு விட்டுக்கொடுத்துப் பார்த்ததில்லை.

மேடம் இதை ஒரே போடாக நிறுத்தினார். முறை வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், இன்னாருக்கு என்று கொடுக்க முடியாது. அது போர்டுக்குத் திரும்பி, வரிசையில் அடுத்தவருக்குப் போகும். "உங்க தட்டுச் சோறுன்னா நீங்க யாருக்கு வேணா ஊட்டி உடுங்க. இது பந்திச் சோறுங்க" என்று ஒரு டாக்டரிடம் நேராகவே சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு மனிதத்தன்மையே இல்லாதவர், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்று பெயர். கேன்டீனில் அவர் காது படவே பேசுவார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

வெளிநாட்டிலிருந்து அவருடைய மகள் வந்திருந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். மகளை ஒருமுறை மேலே கூட்டிப்போய் அமராவதி ஆற்றைக் காட்ட வேண்டும் என்று மேடத்துக்கு ஆசை. அவர் முறை வந்த நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஆசைக்குப் பறப்பவர்களுக்கு மழையில் போனது போனதுதான், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதுவும் அவர் போட்ட விதிதான். மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது, மகளுக்கு அன்று இரவு விமானம். என் மாணவனின் முறையைத் தருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறி, "பெத்த புள்ளையவிட இந்தப் போர்டு பெருசுங்களா?" என்று கத்திவிட்டேன். "அவ என்ற மேல கோவிச்சுக்கட்டும் கண்ணு, நாஞ் சமாதானம் பண்ணிக்குவேன். போர்டு மேல நம்பிக்கை போச்சுன்னா யாரு சமாதானம் பண்றது?" என்றார். மகள் ஆற்றைப் பார்க்காமலே போனாள்.

இப்படிப்பட்டவருக்கு அஞ்சலி செலுத்த எங்கள் கிளப் என்ன செய்தது தெரியுமா? இரங்கல் கூட்டத்தன்று காலை எட்டு மணிக்குக் கிளப் தலைவரின் மகன் விமானத்தில் மைதானத்தின் மேல் வட்டமடித்து, சிறகைச் சாய்த்து மரியாதை செய்வான் என்று முடிவு செய்தார்கள். எட்டு மணி சௌந்தர்யாவுடைய முறை. கொடுமுடிப் பெண். அன்றுதான் அவளுக்கு உரிமத்துக்கான பறத்தல் தேர்வு. தேர்வாளர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார், மத்தியானம் திரும்ப வேண்டும். எழுத்துத் தேர்வுகளில் அவள் வாங்கிய தேர்ச்சி அந்த மாதத்தோடு காலாவதியாகிறது. தவறவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். இரண்டு விமானங்களில் ஒன்றுதான் பறக்கும் நிலையில் இருந்தது. ஆடி மாதம் வேறு, ஒன்பதரைக்கெல்லாம் காற்று எழும்பிவிடும். இதெல்லாம் தலைவருக்குத் தெரியாததல்ல.

காலையில் சௌந்தர்யா, விமானம் நிறுத்தும் ஹேங்கர் வாசலில் கண் சிவந்து நின்றிருந்தாள். "நேத்து தலைவர் போன் பண்ணுனாருங்க சார். மேடத்துக்காகத்தானேம்மான்னு கேட்டாருங்க. நானும் சரின்னு சொல்லிப்போட்டேனுங்க" என்றாள்.

"நீ எப்படி அம்மணி சரின்னு சொல்லுவே? முறை வேண்டாம்னா அடுத்த பேருக்குப் போகும். போர்டைப் பாரு, அடுத்த பேரு தலைவர் பையனா?"

"இல்லீங்க."

"அப்ப, உனக்கு வேணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

போர்டில் தன் பெயரைப் பார்த்தாள். பிறகு, "வேணுமுங்க" என்றாள்.

தேர்வாளரைக் கூட்டி வந்து அவளோடு ஏற்றி அனுப்பினேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் வெள்ளை வேட்டியும் மாலையுமாகத் தலைவரும் விருந்தினர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர் மகன் கறுப்புக் கண்ணாடியோடு பின்னால் நின்றான். தலைவர் குரலை உயர்த்தவில்லை, இப்படிப்பட்ட பெரிய மனிதர்கள் உயர்த்தவே மாட்டார்கள். "ஏனுங் கேப்டன், செத்தவங்களுக்கு ஒரு மருவாதி வேண்டாமுங்களா?" என்றார்.

"அதுதானுங்க மேலே போயிட்டிருக்குது" என்றேன்.

அவள் இறங்கும்போது காற்று எழும்பிவிட்டது. காற்றின் திசை காட்டும் துணிப் பை விறைத்து நின்றது. தலைவரின் மகன் பறக்கவில்லை. கூட்டம் தரையிலேயே நடந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, அனைவரிடமும் அனுசரித்துப் போனவர், விட்டுக்கொடுக்கும் பண்புக்கு இலக்கணமாக வாழ்ந்தவர் என்று மேடத்தைப் புகழ்ந்தார். வாழ்நாளெல்லாம் எதை எதிர்த்து நின்றாரோ அதையே மாலையாகக் கட்டி அவர் படத்துக்குப் போட்டார்கள். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள். என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். சௌந்தர்யா தேறிவிட்டாள் என்று தேர்வாளர் ஹேங்கர் நிழலில் வைத்துச் சொன்னார்.

இப்போது கமிட்டி என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. போர்டை எடுத்துவிட்டு, யார் முதலில் போனில் பதிவு செய்கிறார்களோ அவர்களுக்கே காலை நேரம் என்று மாற்றப் போகிறார்களாம். அதிகாலையில் எழுந்து பதிவு செய்யப் பெரிய வீடுகளில் ஆள் இருக்கிறது, விடுதிப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்கத்தான் அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன். கேன்டீனில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறது. ஈவு இரக்கமில்லாதவன், இழவு வீட்டிலும் சட்டம் பேசுபவன் என்கிறார்கள். ஜெசிந்தா மேடத்துக்கு இருந்த கெட்ட பெயர் அப்படியே எனக்கு வந்திருக்கிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான், அதை நான் வைத்துக்கொள்கிறேன்.