பந்திங் அங்கிளின் பெயர் எங்கே போனது?

டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகளை ஏற்றிவரும் வேனைப் பதிவு செய்பவளுக்கு ஒரு நோயாளியின் பதிவை நிம்மதியாக முடிக்கும் பாக்கியம் கிடையாது; பாதியிலேயே அடுத்த போன் அடிக்கும். கிள்ளானில் அப்படியொரு கவுண்டர்தான் எனக்கு. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். புதுக் கணினி என்றாலே பயம். கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

தனியாகத் தட்டிப் பார்த்தது

நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு, இணையத்தில் பதியும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதை எழுதிய சிவா, தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் இங்கே வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்பெனியில் இருப்பவர். "ஜாவால எழுதின புரோகிராம் அக்கா. பாதியில விட்டாலும் அந்த இடத்துலயே காத்துக்கிட்டு இருக்கும்" என்றார். ஒரே ஒரு நோயாளிக்குத் தட்டிக் காட்டினார். அடுத்த பக்கம் போனார், பின்னே வந்தார், எல்லாம் சரி. திரையில் இரண்டு ஜன்னலைத் திறந்து இரண்டு பேருக்குப் பதிந்தால் என்று கேட்டேன்.

"அப்படி யாருக்கா பண்ணுவாங்க?"

செல்விக்கு இரண்டு வேன்

நான்தான் பண்ணினேன். பந்திங் முனியாண்டி அங்கிளுக்குக் காலை ஆறு மணி வேனைப் பதிந்துகொண்டிருந்தபோது, காப்பாரிலிருந்து இன்னொரு நோயாளி செல்வியின் போன். இன்னொரு ஜன்னலில் அவளுக்கு ஒன்பது மணி போட்டுவிட்டு, முதல் ஜன்னலுக்கு வந்தேன். திரையில் அங்கிளின் பெயர்தான் இருந்தது. உறுதி செய்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கும் செல்வி வீட்டு வாசலில் வேன், ஒன்பது மணிக்கும் வேன். அங்கிள் ஒரு முறை டயாலிசிஸ் இல்லாமல் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் டிரைவரைத்தான் முதலில் ஏசினேன்.

"லிஸ்ட்ல அங்கிள் பேரே இல்லலா அக்கா. செல்விக்குத்தான் ரெண்டு வேன், மகாராணி மாதிரி."

வெளியே வைத்த பெயர்

போனில் சொன்னதும் சிவா மறுபடி ஒரே ஒருவருக்குத் தட்டிப் பார்த்து, "இங்க சரியாத்தான்கா இருக்கு" என்றார். லீவு நாளில் கொமுட்டர் ரயில் ஏறி அவர் ஆபீசுக்கே போனேன். அவர் கணினியிலேயே இரண்டு ஜன்னல் திறக்கச் சொன்னேன். அங்கிள் பெயரில் செய்த பதிவு அவர் கண்ணெதிரே செல்வியின் பெயரில் போய் விழுந்தது. எழுதியதைத் திறந்து மேலும் கீழும் தேடினார். பிறகு சொன்னார்: நாளும் நேரமும் ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் தனித்தனியாக இருக்கின்றன, பெயரை மட்டும் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாக வெளியே அவரே வைத்துவிட்டாராம், கடைசியாக வந்த பெயர் முந்தியதை அழித்துவிடும். எங்கள் மையத்து நடைபாதையில் தொங்கும் வெள்ளைப் பலகை மாதிரிதான்; அடுத்தவர் அழித்துவிட்டுத்தான் எழுதுவார். பெயரையும் உள்ளே வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றேன்.

"அஞ்சு நிமிஷம்கா. ஆனா பாஸ் ஓகே சொல்லாம மாத்த முடியாது."

சனிக்கிழமை

சிவாவின் பாஸ் இன்னும் ஓகே சொல்லவில்லை. ஒரு பதிவு முடியும்வரை மற்ற போனை அடிக்கவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று திட்டு வாங்குகிறேன். பழைய நோட்டில் பெயர்களை எழுதி, கணினியிலிருந்து வரும் லிஸ்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அப்படியும் தூக்கம் வருவதில்லை. அங்கிள் வீட்டுக்கு வந்துவிட்டார்; நேற்று அவர் மனைவி கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சனிக்கிழமை வேன் வருமாம்மா? வரும்னு சொன்னா, அவரை அஞ்சு மணிக்கே வாசல்ல உக்கார வச்சிடறேன்."

எங்கள் கணினிக்கு எத்தனை நேரமானாலும் காத்திருக்கத் தெரியும், யாருக்காக என்பது மட்டும் மறந்துபோகும்.