இடுப்பளவுத் தண்ணீரில் எழும்பாதவள்

வெயிலில் காயப்போட்ட லைஃப் ஜாக்கெட்டின் மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பூஞ்சணமும் வாவிச் சேறும் டீசலும், முன்பு யார் யாரோ போட்டுக் கழற்றிய வியர்வையும் கலந்த மணம் அது. முதல் நாள் அதைத் தலைவழியாக மாட்டியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கிழமை போன பிறகு அந்த மணம் உடம்பில் இல்லாத நாள் எனக்கு ஒரு நாளாகவே படவில்லை. அம்மா என் சட்டையை முகர்ந்துவிட்டு, "மீன் லொறிக்குள்ள படுத்துக் கிடந்தியா?" என்று கேட்பார்.

அது பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். சோதனை எழுதி முடித்து, பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் காலம். அந்தச் சில மாதங்களுக்குள் ஒரு பெண்பிள்ளைக்குத் தையல் பழக்கி, கேக் ஐசிங் பழக்கி, கணினி வகுப்புக்கும் அனுப்பி, முழுசாக ஒரு மணப்பெண்ணாகச் செய்து முடித்துவிடலாம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கு அந்த நம்பிக்கையில் பங்கில்லை. நான் துடுப்பெடுத்துத் தோணி வலிக்கப் போனேன்.

மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குச் சில வளவுகள் தள்ளி, கடலோடு கலக்கும் வாவியின் கரையில் ஓர் இளைஞர் கழகம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டுக்காரர் சிலர் விட்டுவிட்டுப் போன செம்மஞ்சள் நிறக் கனோக்கள் அங்கே தாழ்வாரத்தில் கவிழ்ந்து கிடந்தன. ஊரார் அவற்றைப் "பிளாஸ்டிக் தோணி" என்பார்கள். உள்நாட்டுச் சண்டை முடியும்வரை அவற்றில் குடியிருந்தது பூனைகள்தான். பாதைகள் திறந்து, சோதனைச்சாவடிகள் குறைந்த பிறகு டெரிக் அண்ணன் ஊருக்குத் திரும்பி வந்தார். கித்துல்கலையில், களனி ஆறு கற்களுக்குள்ளால் நுரைத்துப் பாயும் இடத்தில், உல்லாசப் பயணிகளை ரப்பர் படகில் ஏற்றிக் கொண்டுபோகும் வேலை செய்தவர் அவர். கழகத்துப் பிள்ளைகளை இரண்டு நாள் வாவியில் வலிக்கவைத்து, இரவில் கரையில் தங்கவைத்து, பிறகு பஸ்ஸில் ஏற்றி அந்த "நுரைத்தண்ணி"க்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. பெண்பிள்ளைகளும் வரலாம் என்று அவர் சொன்ன அன்றே நான் பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டில் கேட்டது அடுத்த நாள்தான்.

அப்பா கட்டாரில் கட்டட வேலையில் இருந்தார். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "மாமாட்டக் கேளு மகள்" என்பார். மட்டக்களப்பில் தாய்மாமன் என்றால் விசேஷத்துக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் போகிற உறவு இல்லை. எங்களிடம் வீடு வளவு பெண்வழியில் போகும். பேச்சு மட்டும் தாய்மாமனுடையது. அம்மாவின் அண்ணனான என் மாமா கரடியனாற்றில் வயல் செய்கிறவர், குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே கோழி கூட்டுக்குள் போய்விடும். அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்: அவருடைய மகன் சுதன் பயணம் போகலாம். நான் சுதனோடு சேர்ந்து வாவியில் பழகிப் பார்க்கலாம், கரை தெரிகிற தூரத்துக்குள். "பொம்பிளப் புள்ள ராவில வெளியில தங்கிற கதை இஞ்ச இல்ல" என்றார்.

சுதனுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே வகுப்பு. கனோவில் நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. நான் வலிக்கிற கனோதான் நேராகப் போகும் என்று டெரிக் அண்ணனே சொல்லுவார். அப்படியிருக்க, அவன் போவான், நான் கரையில் நின்று கைகாட்டுவேன் என்றால் யாருக்குத்தான் எரியாது? எனக்கு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

ஆயத்தங்கள் கிழமைக்கணக்கில் நடந்தன. உடுப்பை இரண்டு சொப்பிங் பேக்குக்குள் போட்டுக் காற்றை நெருக்கி, ரப்பர் வளையத்தால் கட்டி, நீல பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் அடுக்கப் பழகினோம். தலைக்கவசம் கொண்டுவரச் சொன்னபோது பொடியன்கள் தகப்பன்மாருடைய மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார்கள். "விழுந்தா இது வாளி மாதிரித் தண்ணிய அள்ளும்" என்று டெரிக் அண்ணன் அவற்றைத் திருப்பி அனுப்பினார். மாசிச் சம்பலும் அவலும் யார் கொண்டுவருவது என்று பெட்டைகளுக்குள் சண்டை வந்தது. இதெல்லாம் சுலபம். சுலபமில்லாத ஒன்று இருந்தது, அது எங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே வரக்கூடிய வில்லங்கம்.

எங்கள் வாவி பல இடங்களில் இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. தோணி கவிழ்ந்தால் நாங்கள் நீந்துவதில்லை. எழும்பி நிற்போம், தலையைச் சிலுப்பிச் சிரிப்போம், தோணியை நிமிர்த்திக்கொண்டு ஏறுவோம். "விழுந்தா எழும்பி நில்லு" என்பதுதான் எங்கள் தாய்மார் சொல்லித்தந்த நீச்சல் பாடம் முழுவதும். பாய்கிற ஆற்றில் அப்படி நிற்பதுதான் ஆளைக் கொல்லும் என்றார் டெரிக் அண்ணன். "விழுந்தா எழும்பக் கூடாது. மல்லாந்து படுங்க, கால மேல தூக்குங்க, உங்கட பெருவிரல் உங்கட கண்ணுக்குத் தெரியோணும். கல்லுக்குள்ள கால் மாட்டிச்செண்டா தண்ணி உங்கள மடக்கிப் போட்டிரும்" என்று நடந்து காட்டி, படுத்துக் காட்டி, தொண்டை கட்டும்வரை சொன்னார். நாங்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினோம்.

அந்த வருடம் மாரி மழை வஞ்சகமில்லாமல் பெய்து, குளங்களெல்லாம் நிரம்பி, வான் என்கிற வழிவாய்க்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தன. கரடியனாற்றுப் பக்கம், ஒரு குளத்தில் நிரம்பி வழியும் தண்ணீர் கற்களுக்கு மேலால் விழுந்து ஓடும் இடத்துக்கு எங்களை லொறியில் கொண்டுபோய், கனோவோடு கவிழ்த்துப் பார்த்தார்கள். மாமாவிடம் கேட்காமல் நானும் லொறியில் ஏறியிருந்தேன். விழுந்த எல்லோரும் எழும்பி நின்றோம். ஒருவர்கூட மிச்சமில்லை. மற்றவர்களுக்குக் காலுக்குக் கீழே மணல்; எனக்குக் கிடைத்தது இரண்டு கல். கால் நடுவே இறுகியதும், முதுகில் நெல்மூட்டையைத் தூக்கி எறிந்ததுபோலத் தண்ணீர் வந்து என்னை முன்னால் மடக்கியது. ஆழம் இடுப்பளவுகூட இல்லை. அதற்குள்தான் நான் மூச்சில்லாமல் கிடந்தேன். டெரிக் அண்ணன் கயிற்றோடு பாய, சுதன் பின்னாலிருந்து என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுக்க, சப்பாத்தைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுக் கால் வெளியே வந்தது.

வயல்காரருக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் வேண்டும்? நான் வீங்கிய கணுக்காலோடு வீட்டுக்கு வரும்போது மாமா முற்றத்தில் நின்றார். "இதோட சரி. கால் முறிஞ்ச புள்ளைய ஆர் கலியாணம் முடிப்பான்?" என்றார். இனிமேல் பழகவும் கூடாது. கழகப் பக்கம் தலைகாட்டவும் கூடாது. சுதன் போகலாமா என்று கேட்டேன். அவனுக்கென்ன, அவன் ஆம்பிளை என்றார். "அவனும்தான் எழும்பி நிண்டவன் மாமா. அவனுக்குக் கல்லுக் கிடைக்கல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். மாமாவின் கை ஓங்கியது. அம்மா நடுவில் வந்து நின்றார்.

அடுத்த நாள் காலையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா அப்பாவின் பழைய காற்சட்டை ஒன்றை வெட்டி, முழங்காலுக்குக் கீழே ஒடுக்கி, என் அளவுக்குத் தைத்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "பாவாட கல்லுல மாட்டும்" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்கு மேல் அம்மாவிடம் நான் அனுமதி கேட்கவில்லை.

கழகத்துக்குத்தானே போகக் கூடாது? வாவி மாமாவுடையது இல்லையே. வீக்கம் வற்றியதும் வீட்டுக்கு நேரே கரையில் இறங்கினேன். பட்டப்பகலில், இடுப்பளவுத் தண்ணீரில், ஹெல்மெட்டுக்குப் பதிலாகத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, வேண்டுமென்றே மல்லாந்து விழுந்து, பெருவிரல்களைப் பார்த்தபடி கிடந்தேன். நிற்கக்கூடிய தண்ணீரில் நிற்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பின்பக்கம் சேற்றில் தட்டும். கால் தன்பாட்டுக்குக் கீழே போகும். மூக்குக்குள் உப்புத்தண்ணீர் ஏறும். காலைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கினேன்.

வீச்சுவலை வீச வந்த ஒருவர் நான் தாழ்கிறேன் என்று நினைத்துவிட்டார். "எழும்பி நில்லு புள்ள! தண்ணி இடுப்பளவுதான் கா!" என்று கத்தினார். நான் எழும்பவில்லை. கரையில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்த மனுஷன் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்த, நான் "விடுங்க, நான் பழகிறன்" என்று சொல்லி அவர் கண்முன்னே திரும்பவும் விழுந்தேன். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் என்றும், வான் தண்ணீரில் ஏதோ பிடித்துவிட்டது என்றும் பேச்சு. பின்னேரமானால் வேலியோரம் பார்வையாளர் கூடுவார்கள். வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. அதற்காக எழும்ப வேண்டுமா?

இரண்டாம் முறை வான் தண்ணீருக்குப் போனபோது அம்மாதான் என்னை லொறி நிற்கிற சந்திவரை சைக்கிளில் ஏற்றிவந்து விட்டார். அன்றைக்கு நிற்காமல் மிதப்பவர்களுக்குத்தான் பயணம். சுதனையும் என்னையும் ஒரே கனோவில் கவிழ்த்தார்கள். கீழே கால் தட்டியதும் என் உடம்பு முழுவதும் எழும்பு எழும்பு என்று கேட்டது. நான் கேட்கவில்லை. பெருவிரல்களுக்கு அப்பால் மருத மரங்கள் பின்னால் போவதைப் பார்த்தபடி, கற்களைக் குதிகாலால் தள்ளித் தள்ளி, கீழே அமைதியான இடத்துக்கு வந்து சேர்ந்தேன். சுதன் எழும்பி நின்றான். இன்னொரு தரம் விட்டார்கள். இன்னொரு தரமும் நின்றான். "கால் சொல்லுக் கேக்குதில்ல வதனி" என்று என்னிடம் சொல்லும்போது அவனுக்கு அழுகை முட்டியது. எனக்கும் அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது.

புறப்படுகிற காலையில் கனோக்கள் கரையோரத் தண்ணீரில் வரிசையாக நின்றன. சுதனின் இடத்தில் ஏறாவூர்ப் பெட்டை ஒருத்தி ஏறியிருந்தாள். துடுப்பைப் போடப்போகும்போது மாமா வந்தார். வெள்ளைச் சாறனோடு தண்ணீருக்குள் இறங்கி நடந்துவந்து, கனோவின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எழும்பு. எழும்பி இறங்கு" என்றார். கரையில் நின்ற சனமும், பெரியவர் சொல்கிறாரே, இறங்கு புள்ள என்றது. டெரிக் அண்ணன்கூட என்னைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எழும்பவில்லை.

அப்போதுதான் அம்மா தண்ணீருக்குள் வந்தார். சேலையைத் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. கையிலிருந்த சோற்றுப் பொதியை என் காலடியில் வைத்துவிட்டு, "அண்ணன், கைய எடுங்க" என்றார். மாமா எடுக்கவில்லை. அம்மா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, சின்னப்பிள்ளையின் கையிலிருந்து கத்தியை எடுப்பதுபோலக் கழற்றினார். பிறகு கனோவை வயிற்றால் முட்டித் தள்ளினார். எங்கள் குடும்பத்தில் ஒரு தங்கை அண்ணனுக்கு எதிராகச் செய்த காரியம் என்று நான் அறிய அதுதான் முதலாவது.

கித்துல்கலையில் விழுந்தாயா என்று கேட்பவர்களுக்கு: விழுந்தேன், இரண்டு முறை. உயிரோடு இருந்துதான் இதை எழுதுகிறேன்.

மாமா அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கலியாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அம்மா நின்றார். ஐயர் ஒருமுறை பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். மாமா செத்த வீட்டில், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று சொந்தக்காரர் என் காதைக் கடித்தார்கள். மாமாவுக்காக அழுதேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? சுதன் மட்டும் வெளிநாட்டிலிருந்து இப்போதும் கதைப்பான்.

இன்றைக்கு அந்தக் கரையில் ஒரு விருந்தினர் விடுதியின் மதில் நிற்கிறது. நான் கிடந்த தண்ணீருக்கு நேரே அவர்கள் எஞ்சின் படகு கட்டுகிறார்கள். செம்மஞ்சள் கனோக்கள் வெடித்து எங்கேயோ போய்விட்டன. வீச்சுவலை வீசுகிறவர்களையும் காணவில்லை, வேலியோரம் கூடிக் கத்துகிற சனத்தையும் காணவில்லை. எழும்பு என்று சொல்லக்கூட ஆளில்லாத கரையாகிவிட்டது. டெரிக் அண்ணன் அவுஸ்திரேலியா போனதோடு பெண்பிள்ளைகளின் பயணமும் நின்றது.

கழகம் இப்போது வேறு இடத்தில், புதுக் கனோக்களோடு நடக்கிறது. நான் படிப்பிக்கிற வகுப்பில் இரண்டு பெட்டைகள் இந்த முறைப் பயணத்துக்குப் போக ஆசைப்பட்டார்கள். போன கிழமை, அம்மாவோடு சந்தைக்குப் போய் வருகிற வழியில் அங்கே இறங்கிக் கேட்டேன். செயலாளர் மரியாதையான பொடியன். எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டு, "டீச்சர், பொம்பிளப் புள்ளையள எடுக்கிறல்ல. வழியில ஆரும் பிரச்சினைக்கு வந்தா என்ன செய்யிற?" என்றான்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா மரக்கறிப் பையை நிலத்தில் வைத்தார்.

"பேர எழுது தம்பி" என்றார். "ஆரும் வந்து தோணியப் புடிச்சா, அந்தக் கைய நான் கழட்டி விடுறன்."