பால் வராத கீரை

போன ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயா போயிருந்தேன். குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்ட என் சிநேகிதி சாந்தியைப் பார்க்கத்தான். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் நாங்கள்.

சாந்தி அங்கே வீட்டு வேலைக்குப் போனபோது மகள் தர்ஷினி ஒன்றாம் வகுப்பு. இப்போது ஓ லெவல் பரீட்சை எழுதப்போகிறாள்! வளர்த்தது சாந்தியின் தங்கை. எதற்கெடுத்தாலும் பிள்ளை "சித்தி, சித்தி" என்றுதான் ஓடுகிறது. பெற்றவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"என்னைய சுத்தமா மறந்துட்டா," என்றாள் சாந்தி.

பேச்சை மாற்ற, பருப்புக்கீரை சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு என்றேன். அவ்வளவுதான்... கூடையோடு லயத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டோம்.

அந்தக் காலத்தில் அம்மாக்கள் கொழுந்து எடுத்துத் திரும்புவதற்குள் வடிகால் கான் ஓரத்தில் குந்தியிருந்து பறித்து வைப்போம். தரையோடு படர்ந்த சிவப்புத் தண்டு, குட்டி இலை, பருப்போடு கடைந்தால் லேசான புளிப்பு. அடடா... இப்போதும் நாக்கு ஊறுகிறது.

குவைத் மார்க்கெட்டில் இதே கீரை கட்டுக் கட்டாக விற்குமாம் - நீளத் தண்டும் பெரிய இலையுமாக. அதைப் பார்த்தே பழகியவளுக்குக் கான் ஓரத்தில் படர்ந்ததெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் ஹட்டன் டவுனில் கீரை வாங்குகிற ஆள். போனில் படமெடுத்துத் தேடினால் சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருமாகக் கூடையை நிரப்பினோம்.

வாசலில் தர்ஷினி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு தண்டை எடுத்து ஒடித்தாள். வெள்ளையாகப் பால் வந்தது.

"இது கீரை இல்ல. பால் வந்தா வீசிறணும். கீரைத்தண்டு கொழுகொழுன்னு இருக்கும், ஒடிச்சா தண்ணிதான் வரும்."

ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துப் பாதிக் கூடையைக் கொட்டிவிட்டாள். எனக்கு மானமே போயிற்று. சாந்திக்கோ முகம் விழுந்துவிட்டது.

"சித்தி சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டாள்.

தர்ஷினி தலை நிமிரவில்லை.

"சித்திக்குக் கீரையே புடிக்காது. நீங்கதான் சொன்னீங்க. போறதுக்கு முன்ன, இந்தக் கான்கிட்ட வச்சு."

சாந்தி மீதிக் கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்றைக்குக் கீரைக்கு உப்புப் போடவே சாந்தி மறந்துவிட்டாள் - மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்!