தாம்பரத்துக்கு அப்பால் நாலு போர்ஷன்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீடுகள் ஏராளம். பளிங்குத் தரை, தேக்குக் கதவு, மாடியில் கண்ணாடித் தடுப்பு என்று ஒவ்வொன்றும் அடுத்த வீட்டை முந்தப் பார்க்கும். உள்ளே இரண்டு பேர்தான் இருப்பார்கள். மற்ற அறைகள் பூட்டிக் கிடக்கும். என் வீட்டுக்காரருக்கு அந்த ஆசை வரவே இல்லை. ரியாத்தில் பதினெட்டு வருஷமாக ஏ.சி. மெக்கானிக். அவருக்கு வேண்டியது ஊருக்குத் திரும்பி வர ஒரு வழி.

"மாசா மாசம் ஒரு வருமானம் இருந்தா போதும், நான் வந்துடுவேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். பெரம்பலூரில் கடை வாடகை பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. சென்னைப் பக்கம் சின்னதாக நாலு குடித்தனம் இருக்கிற வீடு ஒன்று வாங்கினால் வாடகையும் வரும், இடத்தின் மதிப்பும் ஏறும் என்று அவருடைய அறைத் தோழர் யாரோ சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டார். வட்டிக்கு வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் மாறாத முடிவு. ஆகவே கையில் இருப்பது மட்டும்தான். அது போதவில்லை.

மீதியைப் போட முன்வந்தவர் என் நாத்தனார். அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்த பிறகு, அவர்களுடைய நிலம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனது. வந்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, பிள்ளை இல்லாத வீட்டில் தனியாக இருந்தார். பாதிக்குப் பாதி என்று பேசி, வீடு தேடும் வேலை எங்கள் இரண்டு பேர் தலையில் விழுந்தது. நான் பெரம்பலூரில் பஸ் ஏறுவேன். அக்கா அரியலூரில் ரயில் ஏறுவார். தாம்பரத்தில் சந்திப்போம். எந்த வீட்டுக்குப் போனாலும் புரோக்கர்கள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்பார்கள். "சார் நாங்கதான்" என்று அக்கா ஒருமுறை சொன்னார். அந்த ஆள் சிரிக்கவில்லை.

ஏழெட்டு வீடு பார்த்த பிறகு ஒன்று மனசுக்குப் பிடித்தது. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு போர்ஷன். புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். எங்கள் கைக்கு எட்டுகிற விலை. நாலு போர்ஷனிலும் ஆள் இருந்தது. யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டோம் என்று அக்கா அங்கேயே நின்று எல்லோரிடமும் சொன்னார். இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், மாலையில் வேறு ஆள் வருகிறார்கள் என்று புரோக்கர் அவசரப்படுத்தினார்.

லுஹர், நண்பகல் தொழுகை நேரம் ஆகியிருந்தது. கீழ் போர்ஷனில் இருந்த பெண்ணிடம், தொழுவதற்குக் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். கணவன் ஓடிப்போய் சில வருஷம் ஆகிறது என்று பின்னால் தெரிந்தது. உள்ளறையில் கிடந்த துணிகளை ஒதுக்கி, துவைத்த புடவை ஒன்றை விரித்துக் கொடுத்தாள். தொழுது முடித்துத் திரும்பியபோதுதான் கவனித்தேன். தையல் மெஷினின் நாலு கால்களும் ஹாலோ பிளாக் கல் மேல் நின்றன. ஃபிரிட்ஜும் அப்படியே. அரிசி டின்னும் கட்டிலுக்கு மேலே இருந்தது.

"ஏம்மா எல்லாம் ஒசரத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். புரோக்கர் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். "நீங்க வாங்கினா எனக்கு நல்லதுதாங்க்கா. காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு அந்தக்கா சொன்னாங்க. ஆனா தெரிஞ்சே எப்படிச் சும்மா இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த பீரோவை ஒரு பக்கமாக நகர்த்தினாள். பெயின்ட் அடித்தவர்கள் பீரோவை நகர்த்தாமலே அடித்திருக்கிறார்கள். பின்னால் பழைய சுவர் அப்படியே இருந்தது. என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பழுப்பு நிறத்தில், நேராக ஒரு கோடு.

ஏரி நிரம்பினால் தண்ணீர் இந்தத் தெருவுக்குத்தான் வரும், போன மழையில் நாலு நாள் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தோம் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பீரோவை மறுபடி சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

டோக்கன் கொடுக்காமல் திரும்பினோம். அன்றிரவு போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்த வீடு முடிந்துவிடும் என்று நம்பி, அடுத்த நோன்புக்கு ஊருக்கு வந்துவிடுவேன் என்று மேனேஜரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். "சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் புரோக்கர் அழைத்தார். விலையைக் குறைக்கிறோம் என்றார். வேண்டாம், தண்ணீர் நிற்கிற இடம் என்றேன். அந்த ஏரியாவில் தண்ணீரே நிற்காது, உங்களுக்கு வேண்டாதவர்கள் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைப் பொய்க்காரியாக்குவது போலிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கீழ தையல் தைக்கிற பொண்ணே பீரோவுக்குப் பின்னாடி கறையக் காட்டுச்சுங்க."

"அப்படிங்களா மேடம்" என்றார். போன் வைக்கப்பட்டுவிட்டது.

வாயை விட்டு வந்த மறு நொடியே, சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது, வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடமும் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, அதே பக்கத்தில், மேடான தெருவில் இன்னொரு வீடு அமைந்தது. அதுவும் நாலு போர்ஷன்தான். பழசு, பார்வைக்கு அழகில்லை, ஜன்னல் எல்லாம் துரு. ஆனால் தெருக்காரர்கள் ஐந்து பேரிடம் தனித்தனியாக விசாரித்தோம். தண்ணீர் வாசல்படி ஏறியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பத்திரம் முடிந்த அன்று, ரியாத்திலிருந்து வந்த பேரீச்சம்பழம் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு நன்றி சொல்லப் போனேன்.

அவள் போர்ஷனில் வேறு யாரோ இருந்தார்கள். மாடி வீட்டு அம்மாதான் விஷயம் சொன்னார். வீடு பார்க்க வந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டாளாம், ஓனர் வந்து சத்தம் போட்டு ஒரே மாதத்தில் காலி பண்ண வைத்துவிட்டாராம். கூடுவாஞ்சேரியையும் தாண்டி உள்ளே ஒரு ஒற்றை அறைக்குப் போயிருக்கிறாள். நம்பர் கொடுத்தார். பேரீச்சம்பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் விழுப்புரம் தாண்டும்வரை நான் நிமிர்ந்து உட்காரவில்லை.

ஒரு வாரம் அந்த நம்பரை அழைக்கவில்லை. அழைத்து என்ன சொல்வது? நாங்கள் வாங்கிய வீட்டில் கீழே தெருவைப் பார்த்த போர்ஷன் காலியாக இருந்தது. அதை அவளுக்குக் கொடுக்கலாம் என்று அக்காவிடம் ஆரம்பித்தேன். அக்கா வேறு ஆள் பார்த்து வைத்திருந்தார், நல்ல உத்தியோகம், நல்ல அட்வான்ஸ். "பாவம்தான். அதுக்காக நாம என்ன சத்திரமா நடத்துறோம்?" என்றார். அப்போதுதான் நான் முழுவதையும் சொன்னேன். அவளைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று.

அந்த உத்தியோகக்காரரிடம் இடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார் அக்கா. பிறகு, "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. போன்ல கூப்புடாத. நேர்ல போயிக் கூப்புடு" என்றார்.

போனேன். தகரக் கூரை போட்ட அறை. ஜாக்கெட்டுக்கு ஆள் இல்லை, பழைய வாடிக்கையெல்லாம் பழைய தெருவோடு போய்விட்டது. கடைக்காரர் கொடுக்கிற நைட்டித் துணியை எண்ணிக்கைக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வீடு வாங்கிவிட்டோம், முன்போர்ஷன் காலியாக இருக்கிறது, வந்துவிடு என்றேன்.

"பாவம் பாத்துக் குடுக்கிறதா இருந்தா வேணாங்க்கா" என்றாள்.

"பாவம் இல்லம்மா. ஒன் வூடு போனதே என் வாயாலதான். அந்த ஆள்ட்ட நாந்தான் சொல்லிட்டேன்."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரம் வைத்தாள். "தெரியும். ஓனர் சத்தம் போடும்போதே அவர் வாயாலயே வந்துடுச்சு."

அத்தனை மாதமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபம் இல்லையா என்று கேட்டேன். இருந்தது என்றாள். திட்டலாம் என்று ஒருநாள் என் நம்பருக்காக அந்தப் புரோக்கரைக்கூடத் தேடினாளாம். பிறகு வேலை வந்துவிட்டது, விட்டுவிட்டேன் என்றாள். எல்லோருக்கும் என்ன வாடகையோ அதேதான் தருவேன், குறைக்கக் கூடாது, காலி பண்ணுவதானால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அதை எழுதித் தர வேண்டும் என்றாள். எழுதிக் கொடுத்தோம். வந்தாள். பழைய தெரு பக்கத்தில்தான் என்பதால், இரண்டு மாதத்தில் ஜாக்கெட் துணி மறுபடி வர ஆரம்பித்தது.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. பெரம்பலூரிலும் விடாத மழை. டி.வி.யில் தாம்பரம் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் அவளே போன் செய்தாள். நம் வீட்டுக்கு ஒன்றுமில்லை, தெருவில் கணுக்கால் அளவுதான் என்றாள். பிறகு தயங்கினாள். அவள் முன்பு இருந்த அந்தப் போர்ஷனில் இப்போது குடியிருப்பவர்கள், புருஷன் பெண்டாட்டி, நடக்க முடியாத மாமியார், மூன்று பேரும் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். ஒப்பந்தத்தில் வேறு ஆள் தங்கக் கூடாது என்று இருக்கிறதே, நம் மாடிப் போர்ஷன் ஒன்று போன மாதத்திலிருந்து காலியாகத்தானே இருக்கிறது, தண்ணீர் வடிகிறவரை திறந்துவிடலாமா என்று கேட்டாள். சாவி மாடியில் பக்கத்துப் போர்ஷன்காரரிடம்தான் இருக்கிறது, உடனே திற என்றேன்.

அக்காவிடம் சொன்னபோது திட்டுவாரோ என்று பயந்தேன். மழையில் நின்றுபோன ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த அன்று காலையில் ஒரு மூட்டை அரிசியும் பழைய போர்வைகளும் எடுத்துக்கொண்டு அவரே அரியலூரில் வண்டி ஏறிவிட்டார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் பத்து நாள் கழித்தும் வரவில்லை. அந்தக் குடும்பம் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போன பிறகு, மாடிப் போர்ஷனைக் கழுவிவிட்டு அதிலேயே தங்கிவிட்டார். கேட்டதற்கு, "அரியலூர்ல போயி யாரோட பேசுறது? இங்க கீழ எறங்குனா நாலு பேரு இருக்காங்க" என்றார். தையல்காரப் பெண்ணின் ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைப்பது, காஜா எடுப்பது எல்லாம் இப்போது அக்காதான்.

நாலு போர்ஷன் வாடகை என்று எண்ணியிருந்தது மூன்றாகிவிட்டது. பாதிப் பங்கு அக்காவுடையது, அவரிடம் யார் என்ன கேட்பது? அதனால் என் வீட்டுக்காரர் வருவது இன்னும் எட்டு மாதம் தள்ளிப்போனது. அவர் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வாடகைக்கு விட வீடு வாங்கினோமா, அக்காவைக் குடிவைக்க வாங்கினோமா என்று ஒருமுறை கேட்டார். அவரே சற்று நேரத்தில், அக்காவுக்கு மாடிப் படி ஏறச் சிரமமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

போன வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டார். எப்போதும் திருச்சியில் இறங்குகிறவர், இந்த முறை சென்னைக்கு டிக்கெட் போட்டிருந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக வீட்டைப் பார்க்கப் போனோம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கிறது என்றார். தையல்காரப் பெண் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதார். என் வீட்டுக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே மாடியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டு, தொட்டி வால்வு போயிருக்கிறது என்றார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். ஸ்பேனர் யாரிடம் இருக்கும் என்று மேலிருந்து கேட்டார். தன் மெஷினுக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள்.