இந்தப் பாயை விட்டு வெளியே போகாது

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு தட்டில் கேக் துண்டுகளோடு வந்தாள். வாழைச்சேனைப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் வேதக்காரர்தான் என்று அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்ததுமே தெரிந்தது. "அக்கா, புதன்கிழமை எங்கட வீட்ட சின்னக் கூட்டம் வைக்கிறம். வேதம் வாசிச்சு, மனந்திறந்து கதைக்கிறதுதான். வாறீங்களா?" என்றாள். "பாப்பம் தங்கச்சி" என்றேன். எங்கள் நாவற்குடாவில் 'பாப்பம்' என்றால் வரமாட்டேன் என்று பொருள். பாவம், அவளுக்கு அது இன்னும் தெரியாது. சந்தோசமாகத் திரும்பிப் போனாள்.

கேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'புதன்கிழமை' என்ற சொல்லைக் கேட்டதும் என் மூக்குக்குள் வந்தது கேக் வாசம் அல்ல. ஈரம் காயாத பன்புல் பாயின் வாசம், அதற்கு மேல் இஞ்சி தட்டிப் போட்ட தேநீரின் வாசம். சாமுவேல் மாமா வீட்டு விறாந்தையின் வாசம் அது.

சாமுவேல் மாமா எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. அப்பாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்; ஒருவரையொருவர் 'மச்சான்' என்றே கூப்பிட்டார்கள். அவர் வீடு வாவிக்கரையோடு இருந்தது. புதன்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு குடும்பங்கள் அங்கே கூடுவோம். அவர் ஒரு பகுதியை வாசிக்கக் கொடுப்பார். வாசித்து விளக்கம் சொல்லி முடிப்பதோடு அவர் விடமாட்டார். "கேட்டா மட்டும் போதாது, செய்யோணும்" என்பார். அடுத்த புதனுக்குள் அந்தப் பகுதியின்படி ஏதாவது செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கும் வீட்டுப்பாடம்!

நான் அப்போது காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றேன். ஒரு மைல் வரச் சொன்னால் இரண்டு மைல் போ என்ற பகுதியை வாசித்த வாரம், ஒரு அம்மா வாங்கிய துணிப் பொதியை அவர் கேட்காமலே பஸ்தரிப்பு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். நான் பொதியோடு ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்து அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார். பகைவரை நேசிக்கும் வாரத்தில் என் அம்மா, எங்கள் கத்தரிக் கன்றுகளை வழக்கமாகத் தின்னும் அயல்வீட்டு மாட்டுக்குக் கஞ்சித்தண்ணீர் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த மாடு எங்கள் வளவை விட்டுப் போகவே இல்லை. "பகைவன் திருந்தினானா?" என்று சாமுவேல் மாமா கேட்டார். "பகைவன் குடிவந்திட்டான்" என்றாள் அம்மா. விறாந்தை முழுக்கச் சிரித்தது.

அப்பா பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தார். ஒலிபெருக்கியில் "கல்முனை, அக்கரைப்பற்று... செங்கலடி, வாழைச்சேனை..." என்று ஊர்களின் பெயரைச் சொல்லும் குரல் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குரல் எங்கள் சிறிய ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பாடம் வாசித்தது அவர்தான். சனிக்கிழமை பின்னேரமே கிணற்றடியில் நின்று சத்தமாகப் பழகுவார். வாயில் நுழையாத ராசாக்களின் பெயர்களையெல்லாம் பக்கத்துத் தெருக்காரர்களின் பெயர் மாதிரிச் சொல்வார். அவர் வாசித்தால் கைக்குழந்தைகள்கூட அழ மாட்டார்கள் என்று ஆட்கள் சொல்வார்கள். நானே ஒரு தடவை அந்த வாசிப்பில் நிம்மதியாக நித்திரையாகிவிட்டேன். அதுவும் பாராட்டுத்தான் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

பிறகு அம்மாவுக்கு வருத்தம் வந்தது. நெடுநாள் நோயாகப் படுக்கையில் கிடந்தாள். சபை முழுவதும் செபித்தது. அப்பா ஒவ்வொரு பின்னேரமும் கட்டிலருகே இருந்து அவளுக்கு வாசித்தார். சுகப்படுத்துதல் பற்றிய பகுதிகளாகத் தேடித்தேடி வாசித்தார். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு மாரிமழைக் காலத்தில் போய்விட்டாள்.

அப்பா அழுததை நான் அதிகம் பார்க்கவில்லை. வேலைக்குப் போனார், சனிக்கிழமை கிணற்றடியில் பழகினார், ஞாயிறு வாசித்தார். எங்களுக்கு எல்லாம் முன்போலவே தெரிந்தது.

அடுத்த வருசம் ஒரு புதன்கிழமை. குறைகளை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் செபிக்கச் சொல்லும் பகுதியைச் சாமுவேல் மாமா எடுத்தார். "இதுக்கு அடுத்த கிழமை வரைக்கும் நேரம் இல்ல. இண்டைக்கே செய்வம்" என்றார். முதலில் தன்னையே சொன்னார்: தன் மனைவி, எங்கள் மாமி, சமைத்த கறியில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். மாமி, "ஓம், தள்ளுறவர்தான்" என்று சாட்சி சொன்னார். ஒருவர் செபநேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்ததைச் சொன்னார். நான் கடையில் துணியை இழுத்துப் பிடித்து அளந்ததைச் சொன்னேன். எல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய பாவங்கள்தான்.

அப்பாவின் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் வாசிக்கிறன். ஆனா அவ போனதில இருந்து எனக்கு உள்ளுக்க ஒண்டும் கேக்குதில்ல. பஸ் பேர் சொல்ற மாதிரித்தான் வாசிக்கிறன். முந்தி அங்கால ஒராள் இருக்கிறார் எண்டு தெரியும். இப்ப தெரியல்ல. நீங்க எல்லாரும் நான் நல்லா வாசிக்கிறன் எண்டு சொல்லக்குள்ள எனக்கு வெக்கமா இருக்கு."

கரையில் கட்டியிருந்த தோணியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

சாமுவேல் மாமா எழுந்து வந்து அப்பாவின் பக்கத்தில் முழங்காலில் நின்றார். தோளில் கை வைத்துச் செபித்தார். அழுதார், உண்மையாகவே அழுதார், அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். முடிந்ததும் எல்லோரையும் பார்த்து, "இது இந்தப் பாயை விட்டு வெளிய போகாது மச்சான். இது கர்த்தருக்கும் நமக்கும்தான்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா கச்சான் கடலை வாங்கித் தந்தார். அம்மா போனதற்குப் பிறகு அவர் வழியில் நின்று எதையும் வாங்கியதில்லை. "மனசு லேசா இருக்கு புள்ள" என்றார். "எல்லாரும் உதவி செஞ்சா எனக்குத் திரும்பியும் கேக்கும் போல." கச்சான் கோதை உடைத்துக்கொண்டே, மெல்ல ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டையை நானே ஸ்திரி போட்டேன். ஆலயத்தில் பாடம் வாசிக்கும் நேரம் வந்ததும் அப்பா வழக்கம்போல எழுந்து முன்னே நடந்தார். பாதி தூரம் போயிருப்பார். முன்வரிசையிலிருந்து இன்னொருவன் எழுந்து போய் வேதபுத்தகம் வைத்திருக்கும் மேசையில் நின்றான். சாமுவேல் மாமாவின் மகன் தானியேல். போதகர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வாசிக்கத் தொடங்கினான்.

அப்பா வாங்கு வரிசைகளுக்கு நடுவில் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது முடியவே இல்லை. பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து, தானியேல் வாசிப்பதை விரலால் தொடர்ந்தார்.

செபவேளையில் போதகர், விசுவாசம் இல்லாமலே பரிசுத்த வேதத்தைக் கையில் எடுக்கும் ஒரு சகோதரனைக் கர்த்தர் தொட வேண்டும் என்று உருக்கமாக மன்றாடினார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. எல்லோரும் கண்மூடியிருக்க வேண்டிய நேரத்தில் எங்கள் பக்கம் எத்தனை கண்கள் திறந்திருந்தன என்று நான் பார்த்தேன். நானும் திறந்துதானே வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை கடைக்கு வந்த ஒரு முஸ்லிம் வாடிக்கைக்காரப் பெண் சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "உங்கட வாப்பா வேதத்த விட்டுட்டாராமே, மெய்தானா புள்ள?" என்று கேட்டார். பாயை விட்டு வெளியே போகாதது கல்லடி, நாவற்குடா தாண்டிக் காத்தான்குடிக்கும் போயிருந்தது.

அதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே சாமுவேல் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வேலிப் படலைக்கு வெளியே நின்றார். அப்பாதான் உள்ளே கூப்பிட்டார்.

"போதகர்ட்ட செபத்துக்கு எண்டுதான் சொன்னன் மச்சான். அவர் இப்பிடிச் செய்வார் எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல."

"தானியேல் நல்லா வாசிச்சான்" என்றார் அப்பா. "அந்தப் பேர்களில ஒண்டிலயும் தடக்குப்படல்ல. வீட்ட வைச்சுப் பழக்கியிருக்கிறாய்."

சாமுவேல் மாமாவின் முகம் மாறியதை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். கனவிலும் நினைக்காத ஒன்றுக்கு மகனைப் பழக்கி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை அப்பா எங்கள் கிணற்றடியில் வாசித்த அதே பாடத்தை, அதே நேரத்தில், வாவிக்கரை வீட்டில் இன்னொருவனும் வாசித்துப் பழகியிருக்கிறான்.

"நீ என்ன மன்னிக்கோணும். நம்மட வேதம் அதத்தானே சொல்லுது" என்றார் அவர்.

"மன்னிச்சிற்றன். தேத்தண்ணி குடிச்சிற்றுப் போ."

ஆத்திரத்தில் தேநீருக்குச் சீனி போடாமல் கொண்டுபோய் வைத்தேன். என்னால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான். அவருக்குச் சலரோகம் இருந்ததால் அதுவும் அவருக்கு நன்மையாகவே முடிந்தது.

அதன் பிறகு அப்பா ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வாங்கில் இருந்தார். யாரும் அவரை வாசிக்கக் கூப்பிடவில்லை. வீட்டில் சத்தமாக வாசிப்பதும் நின்றுவிட்டது. புத்தகத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பார், உதடு அசையாது. புதன்கிழமைக் கூட்டம் சில மாதங்கள் நடந்ததாம். எல்லோரும் பாட்டுப் பாடி, தேநீர் குடித்து, நல்ல சுகம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பிறகு அதுவும் நின்றது.

காலம் போகப் போகச் சாமுவேல் மாமாவுக்குச் சலரோகம் முற்றியது. ஒரு காலை எடுத்தார்கள். கண்ணும் மங்கிப் போனது. தானியேல் வெளிநாடு போய்விட்டான். அப்போது அந்த வீட்டுக்குப் பின்னேரத்தில் தவறாமல் போனவர் அப்பா ஒருவர்தான். நகம் வெட்டிவிடுவார், சவரம் செய்துவிடுவார், கதிரையோடு தூக்கி வாவிக்காற்றில் இருத்துவார். நான் சண்டை பிடித்திருக்கிறேன். "அவருக்கு நீங்க ஏன் அப்பா?" என்பேன். "வேற ஆர் இருக்காங்க?" என்பார்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். சாமுவேல் மாமா தலைமாட்டைத் தடவி வேதபுத்தகத்தை எடுத்து அப்பா பக்கம் நீட்டினார்.

"மச்சான், ஒருக்கா வாசி. உன்ட குரலில கேக்கோணும் போல கிடக்கு."

அப்பா வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். பக்கத்தைத் தேடிப் பிடித்து விரலையும் வைத்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. புத்தகத்தை அப்படியே என் கையில் தந்து, "நீ வாசி புள்ள" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"போயிட்டானா?" என்று கேட்டார் சாமுவேல் மாமா. "இன்னும் என்ன மன்னிக்கல்லப் போல."

நான் தடக்கித் தடக்கி வாசித்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டாரோ, அழுதாரோ தெரியாது.

வழியில் அப்பாவிடம் கேட்டேன். "நீங்க மன்னிக்கல்லையா?"

"அண்டைக்கே மன்னிச்சிற்றன் புள்ள. அது செய்யலாம். சொல்லித் தந்திருக்கு, செய்யலாம்." செருப்புக்குள் போன மணலை உதறிவிட்டு நடந்தார். "அவன்ட கண்ணுக்கு முன்னால வாயத் திறந்தா சத்தம் வருதில்ல. அதுக்கு நான் என்ன செய்யிற?"

இருவரும் இப்போது இல்லை. சாமுவேல் மாமாவை அடக்கம் பண்ணிய நாளில் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். பாடம் வாசித்தது வேறு யாரோ. வாவிக்கரை வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் விறாந்தையை இடித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கட்டியிருக்கிறார்கள்.

ஆலயம் பெரிதாகியிருக்கிறது. மின்விசிறிகள் வந்துவிட்டன, பாட்டுக்கு டிரம்ஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் அருமையாகப் பாடுகிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆராதனையின் நடுவில் போதகர் செபத்தேவைகளைக் கேட்பார். போன ஞாயிறும் கேட்டார். ஒருவர் முழங்கால் வலி என்றார். ஒருவர் மகனின் கனடா விசா என்றார். ஒரு பிள்ளை பள்ளிக்கூடச் சோதனை என்றாள். பக்கத்தில் இருந்தவர் என் கையைத் தட்டினார், நீங்களும் சொல்லுங்களேன் என்பதுபோல. எனக்கும் ஒன்று இருந்தது. பல நாளாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. எழுந்து நின்றேன். வட்டையில் வயலெல்லாம் காய்ந்துபோய்க் கிடக்கிறது, மழைக்காகச் செபியுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்களுக்கு வயல் கிடையாது.