ஊரெல்லாம் பச்சைப் பொட்டு

ஆய்வகச் சுவரில் திருப்பூரின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. வீதிகள், ரயில் பாதை, நடுவே நொய்யல் ஒரு நீலக் கோடாக. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய், தங்கள் வீடு இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, ஒரு பொட்டு ஒட்டிவிட்டு வந்தார்கள். வீட்டில் வருவது நல்ல தண்ணீர் என்றால் பச்சை, லேசான உப்பு என்றால் மஞ்சள், கடும் உப்பு என்றால் சிவப்பு. கடைசிப் பிள்ளை ஒட்டி முடித்தபோது படத்தில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. ஊர் முழுக்கப் பச்சை. பல்கலைக்கழகத்துப் பேராசிரியை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது திருப்பூரா, ஊட்டியா?" என்று கேட்டார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். சுவரோரம் நின்றிருந்த எனக்கு என் அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது.

நான் அங்கே நின்றதே ஒரு தற்செயல். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பல்லடத்தில் கோழிப் பண்ணை, அப்புறம் விசைத்தறி, கொமரலிங்கத்திலிருந்து தேங்காய் லாரி, பாலக்காட்டில் ஓட்டல் என்று சுற்றிவிட்டு, கையில் ஓட்டுநர் உரிமம் மட்டும் மிச்சமாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மச்சான் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். அவளும் ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் பாப்பாவும் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். நான் வாசலில் கட்டில் போட்டுக்கொண்டேன். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஒன்றை ஓட்டினேன். பாப்பாவின் பள்ளி, பிள்ளைகளைக் கோயமுத்தூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கூட்டிப்போக அந்த வேனை அமர்த்தியது. அங்கே போனதும் அறிவியல் டீச்சர், "அண்ணா, நீங்களும் உள்ள வாங்க. இவங்களப் பாத்துக்க எனக்கு ரெண்டு கண்ணு பத்தாது" என்றார். வாசலில் எல்லோருக்கும் வெள்ளை அங்கி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. "மாமா, ஊசி போட்டுறாதீங்க" என்றான் ஒரு பையன்.

முந்தைய நாள் டீச்சர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கு ஒரு பாட்டில், வீட்டுத் தண்ணீர். அதைப் பிள்ளைகளே சோதிப்பார்கள். அவர்கள் அங்கே செய்வதைப் பார்த்து, மே மாதம் பத்து நாள் அங்கேயே தங்கி ஆய்வகத்தில் வேலை பழக இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு அந்தப் பத்து நாள் மேல்தான் கண். அக்காவிடம் கேட்டபோது, "பாக்கலாம்" என்றாள். அக்கா பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். மே மாதம் விடுமுறையில் கம்பெனியிலிருந்து பீஸ் வாங்கிவந்து வீட்டில் பிசிறு வெட்டுவது வழக்கம். தைத்த பனியனில் தொங்கும் நூலை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கும் வேலை. பாப்பாவின் கை இல்லாமல் அது நடக்காது. குறைசொல்ல ஒன்றுமில்லை. எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் மே மாதம் அப்படித்தான்.

எங்கள் பகுதியில் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் எப்போதாவது வரும். வந்தால் குடங்களில் பிடித்து மூடி வைப்போம். மற்றதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் என்போம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. வாயில் வைத்தால் உப்பு. சோப்பு நுரைக்காது. துவைத்த கறுப்புத் துணி காய்ந்தால் வெள்ளை பூத்திருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும், தவணைக்காரன் வந்தாலும்கூட, முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சு. அந்தச் சொம்பில் நல்ல தண்ணீர்தான் இருக்க வேண்டும். குடம் அடிதட்டி, நாங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த நாட்களிலும் வருகிறவர்களுக்கென்று ஒரு சொம்பு தனியாக இருக்கும். அன்று காலை அக்கா பாட்டிலைப் புளி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரிலேயே அலசி, நல்ல தண்ணீரையே நிரப்பி, முந்தானையால் வெளிப்புறம் துடைத்துக் கொடுத்தாள். "படிச்சவீங்க கைக்குப் போறது. பாத்துக் கொண்டுபோ கண்ணு" என்றாள்.

ஆய்வகத்தில் முதலில் நுண்ணோக்கி. வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வெங்காயத்தை விட்டுவிட்டுச் சட்டைக்குள் போட்டிருந்த பனியன் நுனியை இழுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார்கள். "டேய், லூப்பு லூப்பா கோத்திருக்குதுடா." "எங்கப்பன் ஓட்டற மிசின் இதைத்தான் போடுது." வரிசையில் நின்று ஒருவர் பனியனை ஒருவர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வாழ்க்கை முழுக்க உடம்பில் போட்டிருந்த துணி அத்தனை ஓட்டையும் வளையமுமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. ஒரு வளையம் இன்னொன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அது இன்னொன்றை. ஒன்று அறுந்தால் வரிசையே ஏன் உருவிக்கொண்டு வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பேராசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் குனிந்து பார்த்தார்.

அப்புறம்தான் தண்ணீர். ஒவ்வொருவரும் தன் பாட்டிலிலிருந்து சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளி கலந்த ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பு இருந்தால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். எவ்வளவு உப்போ அவ்வளவு வெள்ளை. பிள்ளைகள் சொட்டுகளை எண்ணி எண்ணி விட்டார்கள். எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரி மெல்லிய புகை போல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் ஊரெல்லாம் பச்சை.

"எங்க இருந்து எடுத்தீங்க?" என்று பேராசிரியை மறுபடியும் கேட்டார். "வீட்டுலங்க மேடம்" என்றார்கள் ஒரே குரலில். டீச்சர் முகம் வாடிவிட்டது. அவர் நாகர்கோவில் பக்கம். ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. மருந்து பழசோ என்று பேராசிரியை தன் உதவியாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் அம்மா மூடி வைத்ததைச் சபையில் திறப்பதாகும். அவள் அம்மாவுடையதை மட்டுமல்ல, சுற்றி நிற்கும் எல்லா அம்மாக்களுடையதையும்.

"மேடம், மருந்து நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் பாப்பா. "நீங்க ஊட்டுத் தண்ணி கேட்டீங்க. உப்புத் தண்ணிய யாராச்சும் வெளியாளுக்குக் குடுத்து உடுவாங்களாங்க? இது வாரவீங்களுக்குக் குடுக்கற தண்ணி."

யாரோ ஒரு பையன் குபுக்கென்று சிரித்தான். அப்புறம் எல்லோரும். பேராசிரியை சிரிக்கவில்லை. "அப்ப உப்புத் தண்ணி எங்க?" என்று கேட்டார். பாப்பா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பாவாடைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். "இதுலதானுங்க. இதைத் தொவச்சது அந்தத் தண்ணிலதான்." ஆய்வகத்தில் வைத்திருக்கும் சுத்த நீரில் அதை ஊறப் போட்டுப் பிழிந்து, அந்த நீரில் மருந்தை விட்டாள். அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளையாகிவிட்டது. பிள்ளைகள் ஓவென்றார்கள். பேராசிரியை விடவில்லை. "வேர்வையிலயும் உப்பு இருக்கே. இது உன் வேர்வை இல்லைன்னு எப்படிச் சொல்லுவே?" பாப்பா உதட்டைக் கடித்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் போய் என்னவோ கேட்டாள். அந்தப் பெண்ணிடம் துவைத்து மடித்து இன்னும் பிரிக்காத கைக்குட்டை ஒன்று இருந்தது. அதுவும் வெள்ளையாகக் கலங்கியது. "அந்தத் தண்ணி படாத துணி ஏதாச்சும் வேணுங்க மேடம்" என்று கேட்டு, ஆய்வகத்துப் பஞ்சைக் கொஞ்சம் வாங்கி ஊறவைத்தாள். அது தெளிவாக நின்றது. அப்போதுதான் பேராசிரியை சிரித்தார். அன்று மாலை கிளம்பும்போது கூப்பிட்ட இரண்டு பேரில் பாப்பா ஒருத்தி.

வீட்டில் நடந்தது வேறு. பாப்பா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டே வந்து, கைக்குட்டை இடத்தில் நின்றுவிட்டாள். "அத்தன பேரு முன்னால என்ற ஊட்டுல உப்புத் தண்ணின்னு சொன்னியா? ஒரு பாட்டல் நல்ல தண்ணி குடுத்து உட்டதுக்கு இதுதான் மரியாதையா?" பாப்பாவின் மணிக்கட்டில் ஒரு சொட்டு மருந்து பட்டு, கறுப்பாக மாறியிருந்தது. அக்கா அவள் கையை இழுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சோப்பு நுரைக்கவில்லை, கறை போகவில்லை. "சாயப் பட்டறைக்குப் போனவளாட்ட வந்து நிக்கறா. இனிமேக்கு ஒரு எடத்துக்கும் போக வேண்டாம்." பாப்பா அழவில்லை. "நல்ல தண்ணின்னே சொல்லியிருந்தா என்னைக் கூப்புட்டிருக்க மாட்டாங்கம்மா" என்றாள். அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள்.

மறுநாள் போர் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "ஏனக்கா, உன்ற புள்ள எங்க மானத்தையுஞ் சேத்தி வாங்கீட்டாளாம்?" அக்கா குடத்தோடு நின்றாள். அந்தப் பெண்ணுக்கு அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்கூட்டுல கொழாத் தண்ணியுந் தீந்துபோச்சு. நானு கடைக்குப் போயிக் கேன் தண்ணி வாங்கி ஊத்தி உட்டேன். அந்தக் காலேஜம்மா அந்தக் கேன் தண்ணியத்தான் பரிச்ச பண்ணியிருக்குது." இன்னொருத்தி தன் பங்குக்கு, ஏலக்காய் போட்டு அனுப்பலாமா என்று யோசித்ததாகச் சொன்னாள். அக்கா சிரித்தாள். அத்தனை பேரும் ஒன்றையே மறைத்திருந்தால் அதில் மறைக்க என்ன இருக்கிறது? குடத்தை இறக்கிவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சான் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனாலும் பிசிறு வெட்டும் வேலை இருந்ததே. "பீஸை யாரு வெட்டுவா?" என்று அக்கா கேட்டபோது, நான் வெட்டுகிறேன் என்றேன். "நீயா? சித்திர பொறக்கறதுக்குள்ள நீ எந்த ஊருல கெடப்பியோ" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வெள்ளகோவிலில் ஒரு லாரிக்காரரிடம் அப்போதே பேசி வைத்திருந்தேன். அவரிடம் ஜூனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த மே மாதம் முழுக்க வேன் ஓட்டாத நேரத்தில் வாசல் கட்டிலில் உட்கார்ந்து பனியன் நூல் வெட்டினேன். ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்தில் பிடித்து அந்த வளையங்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு பார்ப்பதில் ஒரு சுகம்.

இப்போது பாப்பா வேறு ஊரில் வேதியியல் படிக்கிறாள். நான் வேறு வேன் ஓட்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகளை அதே ஆய்வகத்துக்கு ஏற்றிப்போவது உண்டு. 'யாருக்கும் குடிக்கக் கொடுக்காத தண்ணீரைக் கொண்டு வரவும்' என்று இப்போது பள்ளிக்குத் தெளிவாகவே சொல்லி அனுப்புகிறார்கள். படத்தில் சிவப்பும் மஞ்சளும் நிறைந்துவிட்டன. பிள்ளைகள் உப்பு பாட்டிலைக் கூச்சமில்லாமல் ஆட்டிக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மே மாதம் பாப்பா அங்கே தங்கப் போன நாள் நினைவுக்கு வரும்.

அன்று பாப்பாவைக் கொண்டுபோய் விட அக்காவும் வந்தாள். பேராசிரியை கேட்டிருந்தபடி போர் தண்ணீர் ஒரு பாட்டில் பையில் இருந்தது. எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் இருந்தது. ஆய்வக வாசலில் அக்கா இரண்டையும் எடுத்தாள். ஒன்றை நீட்டி, "இது உங்க மிசினுக்குங்க" என்றாள். மற்றதை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். "இது நீங்க குடிக்கறதுக்கு. உப்பில்லீங்க." பேராசிரியை ஒரு வாய் குடித்துவிட்டு மூடப் போனார். அக்கா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். அவர் அக்காவைப் பார்த்தார், மறுபடி பாட்டிலைத் தூக்கி நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலிப் பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அக்கா பாப்பாவின் கையை விட்டாள்.