வேம்பு எழுந்து நின்ற காலை

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. மலைப்பக்கமிருந்து காற்று இறங்கினால் தடுக்க ஒன்றும் கிடையாது. விடிந்து பார்த்தால் மரம் மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையை நசுக்கி, வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. மாடு இரண்டும் மறு மூலையில் நின்று சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

என் வீட்டுக்காரருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பழசாக வாங்கிப் போட்டிருந்த மரம் அறுக்கும் மெஷினுக்கு ஒருவழியாக வேலை வந்துவிட்டதே! பெட்ரோலில் ஓடுவது, கயிற்றை இழுத்தால் ஊரையே எழுப்பும். அதை வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, நான் வாங்கினேன். லுங்கி கூடாது, பேன்ட் போட வேண்டும். ஷூவும் கண்ணாடியும் வேண்டும். கழுத்தில் துண்டு கூடவே கூடாது, மெஷினில் ஓடும் சங்கிலி இழுத்துக்கொள்ளும். அறுக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

"கழுத்துல இன்னா அது?" என்றேன்.

"துண்டு."

"எடுத்துக் குடுங்க."

"பேன்ட்டு போட்டாச்சு, ஷூ போட்டாச்சு. துண்டையும் எடுத்துட்டா நம்ம வூட்டு மாடே என்னக் கண்டு மெரளும்."

பிடுங்கிக் கொடியில் போட்டேன்.

வேம்பை வெட்டும் முன் வேரடியில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அம்மன் குடியிருக்கும் மரம் அல்லவா. விழுந்த மரமோ அடிமண்ணையும் பெயர்த்துக்கொண்டு, வேரை ஆள் உயரச் சுவர் போல நிமிர்த்தி வைத்திருந்தது. அதன் பின்னால் இடுப்பளவு பள்ளம். நான் அதில் இறங்கி, பித்தளைத் தட்டில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு மேலே வந்தேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறு கோடியில் கிளைகளை அறுக்கப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் சூடம் ஈரக்காற்றில் பாதியிலேயே அணைந்து கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கிளைகளை அறுக்கவே மத்தியானம் ஆகிவிடும் என்று நினைத்து, அவரிடம் சொல்லாமல் மறுபடி பள்ளத்தில் இறங்கினேன். கடைக்காரர் தள்ளி நிற்கச் சொன்னதெல்லாம் மற்றவர்களுக்கு, எனக்கில்லை என்று நினைப்பு. தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. ஆறேழு குச்சி வீணான பிறகுதான் சூடம் பற்றியது. அப்போது மெஷின் சத்தம் மிகக் கிட்டத்தில் கேட்டது. வேருக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினேன். கிளைகளைப் பாதியில் விட்டுவிட்டு, வாசலை அடைத்திருந்த அடிமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில், நான் கொடியில் போட்ட அதே துண்டு.

எனக்கு வந்ததே கோபம்! தட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுற்றிப் போய் அவர் எதிரே நின்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் மரம் படாரென்று இரண்டானது. மரத்தின் பாரம் நீங்கிய வேர் ஒரே வீச்சில் சரிந்து போய்த் தன் பள்ளத்தில் உட்கார்ந்தது. மிச்சமிருந்த அடிமரம், முந்தின நாள் நின்ற இடத்திலேயே நிமிர்ந்து நின்றது. காலடியில் தரை அதிர்ந்தது.

அவர் மெஷினை நிறுத்தினார். "பாத்தியா, தானா எழுந்து நிக்குது" என்று சிரித்தார்.

"தட்டு உள்ள மாட்டிக்கிச்சுங்க" என்றேன். "இப்பதான் மறுபடி சூடம் ஏத்திட்டு ஏறி வந்தேன்."

"இப்பவா?"

"ஆமா. துண்டப் பாத்துட்டு, உங்களத் திட்டலாம்னு வந்தேன்."

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. சோறு வடிக்கும்போதுதான் அந்தப் பள்ளம் கண்முன் வந்தது. கஞ்சியைப் பாதி காலில் கொட்டிக்கொண்டேன்.

மெஷினை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். விற்கவில்லை. இப்போதெல்லாம் துண்டைத் தானே கழற்றிக் கொடியில் போடுகிறார். அடிமரம் துளிர்த்துக் கொட்டகைக் கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் புதுத் தட்டில் சூடம் ஏற்றுகிறேன். பழையது அடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு தென்னை மட்டையை அறுப்பதென்றாலும், கயிற்றை இழுக்கும் முன் அவர், "இந்தா, எங்க கீற?" என்று குரல் கொடுப்பார். "அடுப்பண்டதான் கீறேன்" என்று நான் சொன்ன பிறகுதான் மெஷின் கிளம்பும். சண்டை போட்ட நாட்களில் நான் வேண்டுமென்றே வாய் திறப்பதில்லை. அவரும் மறுபடி கேட்பதில்லை. மெஷினைக் கீழே வைத்துவிட்டு அடுப்பங்கரை வரை நடந்து வந்து, என்னைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார்.